பழைய பெட்டியே போதும்

எங்க வீட்டு டிவிக்குப் பக்கத்துல இருந்த பெட்டி ஏழு வருஷம் பழசு. உள்ளங்கை அகலம்தான் இருக்கும், கருப்பு நிறம், முன்னாடி ஒரு குட்டி விளக்கு. இன்டர்நெட்ல இருந்து படத்தை இழுத்து டிவியில காட்டுறது அதோட வேலை. ஆன் பண்ணினா தூங்கி முழிக்கவே அதுக்கு ரெண்டு நிமிஷம் வேணும். திரையில ஒரு சக்கரம் சுத்தும், சுத்தும், சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்குள்ள என் வீட்டுக்காரி ஒரு கூடை துணியை மடிச்சு முடிச்சிடுவா. இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணும்னு என் மக ஒத்தக் கால்ல நின்னா. கூடாதுன்னு நான் நின்னேன். ஒரு பெட்டிக்காக ஒரு வீட்ல ரெண்டு வாரம் சண்டை நடந்துச்சுன்னா சிரிப்பீங்க. தாராளமா சிரிங்க. அந்தப் பெட்டி போனா என் வேலை போகும்கிறது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் வேன் டிரைவர். டயாலிசிஸ் சென்டர் ஒண்ணுல பதினெட்டு வருஷமா ஓட்டுறேன். திங்கள், புதன், வெள்ளி காலைல நாலு பேரை அவங்கவங்க வீட்டு வாசல்ல ஏத்திக்கிட்டுப் போய் சென்டர்ல இறக்கணும். மெஷின்ல ரத்தம் சுத்தமாகி முடிஞ்சதும் திருப்பிக் கொண்டுவந்து விடணும். முதல்ல டீச்சரம்மா. அடுத்து சக்கர நாற்காலியில வர்ற பாங்க்காரர். அப்புறம் ஒரு தையல்காரர். கடைசியா யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாத ஆளு ஒருத்தர், அவருக்கு நாங்க வச்ச பேரு உம்மணாமூஞ்சி. மத்த நாள்ல சென்டருக்கு மருந்துப் பெட்டி, துணி மூட்டைன்னு ஏத்தி இறக்கறது. ஓட்டுறதுல நான் கெட்டிக்காரன். இதைச் சொல்றதுக்கு எனக்கு வெக்கம் இல்லை. வேற எதுலயும் நான் கெட்டிக்காரன் இல்லைன்னு என் வீட்டுக்காரியே சொல்லுவா.

எட்டு மாசத்துக்கு முன்னாடி என் கண்ணுல நடுப்பகுதி மங்க ஆரம்பிச்சுது. ஓரமெல்லாம் தெரியும். எதை நேராப் பாக்கிறேனோ அது மட்டும், ஈரத்துணியால அரைகுறையாத் துடைச்ச கரும்பலகை மாதிரி. யார்கிட்டயும் சொல்லாம ஒரு கண் டாக்டர்கிட்ட போனேன். அந்தம்மா மெஷின்ல தாடையை வைக்கச் சொல்லி ரொம்ப நேரம் பாத்தாங்க. கண்ணாடி போட்டாச் சரியாகிற சமாச்சாரம் இல்லை, விழித்திரை நடுவுல தேஞ்சு போச்சு, முழுசா இருட்டாயிடாது, ஆனா போனது திரும்பி வராதுன்னாங்க. என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டாங்க. குடோன்ல மூட்டை அடுக்கறேன்னேன். வண்டி ஓட்டுவீங்களான்னாங்க. இல்லைங்கன்னேன். நல்லதாப் போச்சு, இனிமே ஸ்டியரிங்கைத் தொடவே தொடாதீங்கன்னாங்க. பவ்யமாத் தலையாட்டிட்டு வெளியில வந்து, வேனை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனேன்.

அயோக்கியத்தனம்தானே? ஆமா. ஆனா அப்போ என் மண்டைக்குள்ள அது அப்படி ஓடலை. பதினெட்டு வருஷமா அதே ரோடு. எந்த வளைவுல பள்ளம், எந்த ஸ்கூல் வாசல்ல மெதுவாப் போகணும், எல்லாம் கை காலுக்கே தெரியும். ஓரம் தெரியுது, நடைபாதை தெரியுது, சிக்னல் தெரியலைன்னா முன்னாடி போற வண்டி நிக்கிறது தெரியுது. சென்டர்ல வருஷத்துக்கு ஒரு தடவை கண் டெஸ்ட் வைப்பாங்க, அதுக்கு இன்னும் பத்து மாசம் இருக்கு. அதுவரைக்கும் ஓட்டிடலாம். அதுக்கப்புறம்? அதுக்கப்புறம் பாத்துக்கலாம். பயந்தவன் போடற திட்டத்தோட லட்சணம் இவ்வளவுதான். சாவியைப் பிடுங்கிக்கிட்டா நான் வீட்ல உக்காந்து என்ன பண்ணுவேன், ஃபேனை எண்ணிக்கிட்டு இருப்பேனா? அந்தப் பயம்தான்.

இதுல பெட்டி எங்க வந்துச்சுன்னு சொல்றேன். என் வீட்டுக்காரிக்கு ஒரு பெரிய ஹோட்டல்ல சலவைப் பிரிவுல வேலை. நாள் பூரா நின்னுக்கிட்டே இஸ்திரி போடுவா. சாயங்காலம் வந்து வெந்நீர்ல காலை வச்சுக்கிட்டு டிவி முன்னாடி உக்காருவா. ஆறரைக்கு எங்களுக்கு ஒரு சீரியல். எப்பப் பாத்தாலும் பனி கொட்டுற ஏதோ ஒரு நாட்டுக் கதை, ஒரு துறைமுகம், காணாமப் போன ஒரு படகுக்காரன், அவனைத் தேடுற ஜனங்க. அவங்க பேசுற பாஷையில எங்க ரெண்டு பேருக்கும் அ-வும் தெரியாது, ஆ-வும் தெரியாது. கீழே இங்கிலீஷ்ல எழுத்து ஓடும். அவ இங்கிலீஷ் பேசிச் சமாளிச்சிடுவா, படிக்கிறதுன்னா எழுத்துக் கூட்டணும். அவ ஒரு வரி கூட்டி முடிக்கிறதுக்குள்ள அங்க ரெண்டு பேரு செத்திருப்பாங்க. அதனால நான் படிச்சுப் படிச்சு அவளுக்குத் தமிழ்ல சொல்லுவேன். நாலு வருஷமா, ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணுன்னு, இதுதான் எங்க பொழுதுபோக்கு. எங்களுக்குள்ள வேற பெரிய பேச்சுவார்த்தை ஒண்ணும் கிடையாது.

கண்ணு மங்கினதும் முதல்ல போனது அந்த எழுத்துதான். முதல் நாள் ஒரே ஒரு வரியைத்தான் அடிச்சு விட்டேன். ஒருத்தி அழுதுக்கிட்டே கதவைச் சாத்தினா. 'இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே'ன்னு சொல்றான்னேன். அவ உச்சுக் கொட்டினா. அட, இது நடக்குதேன்னு இருந்துச்சு. மறுநாள் நாலு வரி. பத்து நாள்ல முழுக் கதையும் என்னோடதாயிடுச்சு. ஆளுங்களோட முகம் தெரியாது, உருவம் தெரியும், குரல் கேக்கும், பின்னாடி மியூசிக் வேற இருக்கு. அது போதாதா? தொப்பி போட்ட ஒருத்தன் அடிக்கடி வருவான், அவனைக் காணாமப் போனவனுக்கு அண்ணனாக்கினேன். சொத்து மேல கண்ணு. நீளக் கோட்டுப் போட்டவளைப் போலீஸாக்கினேன். ஒரு நாள் எல்லாரும் கருப்பு உடுப்புல கூடி நின்னாங்க, பிணம் கிடைச்சிடுச்சு, இது சாவு வீடுன்னு சொன்னேன். என் வீட்டுக்காரி முந்தானையால கண்ணைத் துடைச்சா. தொப்பிக்காரனுக்குச் சக்கரை வியாதிகூட உண்டு என் கதையில. ஏன்னு கேக்காதீங்க, அவன் நடந்த நடை அப்படி.

அவ வேலை பாக்கிற இடத்துல எதிர் மேசையில நிக்கிறவளும் அதே சீரியல் பாக்கிறவ. ஒரு நாள் இவ வீட்டுக்கு வந்து, அந்தப் படகுக்காரன் சாகவே இல்லையாமேன்னு கேட்டா. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அவ அரைத் தூக்கத்துல பாத்திருப்பா, இல்லன்னா வேற சீரியலோட போட்டுக் குழப்பிக்கிட்டு இருப்பான்னேன். நானும் அதைத்தான் அவகிட்ட சொன்னேன்னா என் வீட்டுக்காரி. எங்க வீட்டுக்காரர் ஒரு வரி விடாமப் படிக்கிறவரு, உனக்குத்தான் புரியலைன்னு அவ மூக்கை உடைச்சுட்டு வந்தாளாம். பெருமையா வேற சொன்னா. நான் டீயைக் குடிச்சேன்.

மாட்டிக்கிட்டது அங்க இல்லை. ஒரு நாள் பெட்டியை ஆன் பண்ணினதும் திரைக்கு மேல மஞ்சளா ஒரு பட்டை வந்துச்சு, அது நிறைய எழுத்து. என்னங்க அதுன்னா. விளம்பரம்னேன். ரிமோட்ல ஓகே அமுக்கினேன், போயிடுச்சு. ரிமோட்டும் எனக்குக் கணக்குதான், கீழே ரெண்டு, வலது பக்கம் மூணு, ஓகேன்னு விரலே போகும். மறுநாளும் மஞ்சள் பட்டை வந்துச்சு. விளம்பரம். அதுக்கு மறுநாளும் விளம்பரம். இப்படி ஒரு மாசம் ஓட்டினேன். ஒரு ஞாயித்துக்கிழமை என் மக வந்தா. பல் ஆஸ்பத்திரியில வரவேற்புல உக்கார்ற வேலை அவளுக்கு, எதிர்ல எதைக் கண்டாலும் முதல் எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும் படிச்சிடணும். டிவியைப் பாத்தா. என்னைப் பாத்தா.

"இந்த மாசக் கடைசிக்கு மேல இந்தப் பெட்டியில சீரியல் வராதுன்னு போட்டிருக்கு. இதைப் போய் விளம்பரம்னு சொன்னீங்களாப்பா?"

எங்க இருந்துதான் அந்த வாய் வந்துச்சோ, புதுசு வாங்க வைக்கிறதுக்கு அவங்க பண்ற தந்திரம்தானே அது, அதைத்தான் விளம்பரம்னேன்னு ஒரு போடு போட்டேன். அதுவும் நியாயமாத்தான் பட்டுச்சு அவளுக்கு. ஆனா அதோட விடலை. போனை எடுத்துப் புதுப் பெட்டியைத் தேடினா. கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள ஆன் ஆகும், பட்டனை அமுக்கி வாயால சொன்னாப் போதும் படம் வரும்னு அடுக்கிக்கிட்டே வந்தவ, கடைசியில அம்மா பக்கம் திரும்பி, உன் சீரியலைத் தமிழ்லயே பேசி வச்சிருக்காங்கம்மா, பழைய பெட்டியில அது வராது, புதுசுல வரும்னா. எட்டு மாசக் கதை ஒரே சாயங்காலத்துல பல்லை இளிச்சிடும். அடுத்த நிமிஷம் அவளுக்குக் கண்ணு விஷயம் தெரியும். அதுக்கு அடுத்த நிமிஷம் சாவி போகும்.

அன்னிக்கு ஆரம்பிச்சேன் நான். நம்ம டிவி பழசு, புதுப் பெட்டியோட சேராது. ஒயர் மாட்டற ஓட்டையில ஒண்ணுதான் ஒழுங்கா இருக்கு, அதையும் கெடுத்துக்காதே. பட்டனை அமுக்கிப் பேசற பெட்டி நாம பேசறதை எல்லாம் ஒட்டுக் கேக்குமாம், நம்ம வீட்டுச் சண்டை ஊருக்கெல்லாம் தெரியணுமா? பனி நாட்டுக்காரன் தமிழ் பேசினா நல்லாவா இருக்கும், பத்துப் பேருக்கும் ஒரே ஆளு மூக்கால பேசுவான். ஓடற வரைக்கும் ஓடட்டும், பழைய பெட்டியே போதும். என் மக ஒவ்வொண்ணுக்கும் பதில் வச்சிருந்தா. ஓட்டையைத் துடைச்சு மாட்டிக் காட்டினா. ஒட்டுக் கேக்கறதை நிறுத்த ஒரு பொத்தான் இருக்குன்னா. அப்பா வாயில இருந்து ஒரு வருஷத்துக்கு வர்ற பேச்சு மொத்தமும் இந்தப் பெட்டிக்கே போயிடுச்சும்மான்னு அம்மாகிட்ட கிண்டல் வேற.

மக போனப்புறம் என் வீட்டுக்காரி தண்ணியில இருந்து காலை எடுத்துத் துடைச்சுக்கிட்டே சொன்னா.

"எனக்கு ஒண்ணும் புதுசு வேணும்னு ஆசையில்லைங்க. காலைலயே எழுந்து வண்டி ஓட்டிட்டு வந்து, எனக்காகத் தினம் ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் படிக்கிறீங்க. பெட்டியே பேசினா நீங்க ஒரு நாளாவது நிம்மதியா உக்காந்து பாக்கலாம்ல."

திட்டியிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு சுருக்குன்னு இருந்திருக்காது. எனக்குப் படிக்கிறது பிடிச்சிருக்குன்னு மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை. அடுத்த வாரம் பூரா, தொண்டைக்கு நல்லதுன்னு எனக்கு வெந்நீர் வச்சுக் கொடுத்தா. நானும் குடிச்சுட்டு, தொப்பிக்காரன் கோர்ட்டுல மாட்டப் போறான்னு கதையை வளத்துக்கிட்டு இருந்தேன். மக தினமும் போன் பண்ணி, சனிக்கிழமை கடைக்குப் போறோம், மாத்திப் பேசக் கூடாதுன்னு மிரட்டினா. அம்மாவோட தீர்மானம் வேற மாதிரி இருந்துச்சு. அப்பா சரின்னாதான் வாங்கணும், அவருக்கு இஷ்டமில்லாம அந்தப் பெட்டி இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சொல்லிட்டா. ஆக, முடிவு என் கையில.

வெள்ளிக்கிழமை காலைல டீச்சரம்மாவை ஏத்திக்கிட்டு பாங்க்காரர் வீட்டுத் தெருவுக்குள்ள திரும்பினேன். வழக்கமா அவரு கேட்டுக்கு உள்ள நாற்காலியில உக்காந்திருப்பாரு. நான் கேட்டுக்கு நேரா நிறுத்தி இறங்கிப் போய்த் தள்ளிக்கிட்டு வருவேன். பதினோரு வருஷமா அந்த ஒரே இடம்தான், கோடு போட்ட மாதிரி நிறுத்துவேன். அன்னிக்குக் கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சிருந்தாங்க. ஈரம் படக்கூடாதுன்னு அவரோட சம்சாரம் அவரை வெளியில தள்ளிக்கிட்டு வந்து, சரியா நான் நிறுத்துற இடத்துல வச்சிருந்தாங்க. எனக்கு முன்னாடி ரோடுதான் இருந்துச்சு. ரோடும், நடுவுல எப்பவும் இருக்கிற அந்த மங்கலும்.

முன் கண்ணாடிக்குக் கீழே டப்புனு ஒரு அடி. பிரேக்கை மிதிச்சேன். அந்தம்மாதான் வேன் மூக்குல கையால அடிச்சிருக்காங்க. இறங்கி ஓடினேன். நாற்காலியோட கால் வைக்கிற பலகைக்கும் என் வேனுக்கும் நடுவுல ஒரு சாண் இருந்துச்சு. நான் முட்டி போட்டுக் கையை வச்சுப் பாத்தேன், ஒரு சாண். பாங்க்காரர் என்னைப் பாத்துச் சிரிச்சாரு. அந்தம்மா மூச்சு வாங்கிக்கிட்டே, "என்ன அண்ணே, அளந்து நிறுத்துறீங்க"ன்னாங்க. நான் வேணும்னு வித்தை காட்டினேன்னு நினைச்சிட்டாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு அவரைத் தூக்கி உள்ள வச்சு பெல்ட் மாட்டினேன், அது ரெண்டு தடவை நழுவிச்சு. வண்டி ஓட்டும்போது அவரு பின்னாடி இருந்து, இந்த ஊர்ல உங்க வேன்ல உக்கார்றப்போ மட்டும்தான் எனக்குப் பயமே இல்லைன்னாரு. சத்தியமா சொல்றேன், அதே வார்த்தை.

திருப்பிக் கொண்டுபோய் விடறப்போ நடக்கிற வேகத்துலதான் ஓட்டினேன். பின்னாடி வந்தவன் எல்லாம் ஹாரன் அடிச்சு என் அப்பன் ஆத்தாளை வைதான். நல்லா வையட்டும்னு விட்டேன். அன்னிக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கலை. வீட்டுக்காரிகிட்ட சொல்லிடலாம்னு ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். ரெண்டு தடவையும் உப்பு கம்மின்னுதான் வந்துச்சு.

சனிக்கிழமை மூணு பேரும் கடைக்குப் போனோம். பஸ்லயே போவோம்னு நான் சொன்னது அவங்களுக்கு ஆச்சரியம். கடை பூரா டிவி, ஒவ்வொண்ணுலயும் ஒரே மீன் நீந்துது. காதுல பேனா சொருகின ஒரு அம்மா வந்து மூணு பெட்டியை எடுத்து வச்சாங்க. இது சின்ன டிவிக்கு, இது பெரிய டிவிக்கு, இது எல்லாத்துக்கும்னு விளக்கினாங்க. எங்க டிவி பழசுன்னதும் பெட்டியோட அட்டையை என் கையில கொடுத்து, பின்னாடி எந்தெந்த மாடலோட சேரும்னு பட்டியல் இருக்கு, உங்களுது இருக்கான்னு பாத்துக்கோங்க சார்னாங்க. டிவி மாடல் எனக்கு மனப்பாடம். வீட்ல இந்த மாதிரி விஷயம் எல்லாம் எனக்குத்தான் தெரியும்னு ஒரு பேரு. மகளும் எட்டிப் பாக்கலை, அப்பா பாப்பாருன்னு விட்டுட்டா.

அட்டையைத் திருப்பினேன். பொடி எழுத்து, எனக்கு அது வெறும் சாம்பல் பூச்சு. விரலை வச்சு மேல இருந்து கீழ வரைக்கும் ஓட்டினேன், படிக்கிறவன் மாதிரி. நம்மளுது இதுல இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவ நம்புவா, மக முணுமுணுத்துட்டு விட்டுடுவா. பழைய பெட்டியில சீரியல் நின்னாலும் வேற எதையாவது போட்டுக் கதை சொல்லிக்கலாம். திங்கக்கிழமை வழக்கம்போல வேனை எடுக்கலாம். இவ்வளவு சுலபமா யாருக்குத் தப்பிக்க வழி கிடைக்கும்?

"என்னங்க, நம்மளுது இருக்கா?"ன்னு என் வீட்டுக்காரி கேட்டா.

"இருக்கு. வாங்கு"ன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியலைன்னு சொன்னா அது பொய். நல்லாத் தெரியும். வாயால சொல்றதுக்கு எனக்குத் துப்பு இல்லை, பெட்டி சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டேன். மக என் தோளைத் தட்டி, அப்பா வழிக்கு வந்துட்டாருன்னா. காதுல பேனா வச்சிருந்த அம்மா அட்டையை வாங்கிப் பாத்துட்டு, ஆமா சார், சேரும்னாங்க. அது மட்டும் எனக்கு நிஜமாவே தெரியாது.

மக வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் மாட்டிக் கொடுத்தா. பட்டனை அமுக்கிப் பேரைச் சொல்லும்மா, வேற ஒண்ணும் செய்ய வேணாம்னு அம்மாவுக்கு ரெண்டு தடவை சொல்லிக் கொடுத்துட்டு, வேலை இருக்குன்னு கிளம்பிட்டா. ஆறரை மணி. என் வீட்டுக்காரி காலை வெந்நீர்ல வச்சுக்கிட்டா. ரிமோட்டை வாய்கிட்ட கொண்டுபோய், பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிடற சத்தத்துல சீரியல் பேரைச் சொன்னா. சக்கரம் சுத்தலை, ஒண்ணும் சுத்தலை. உடனே வந்துடுச்சு. முதல்ல 'இதுவரை நடந்தது'ன்னு ஒரு கனமான குரல் தமிழ்ல ஆரம்பிச்சுது.

ரெண்டே நிமிஷம்தான். தொப்பிக்காரன் யாருக்கும் அண்ணன் இல்லை, அந்த ஊரு டாக்டர். கோட்டுக்காரி போலீஸும் இல்லை, காணாமப் போனவனோட மக. கருப்பு உடுப்புல கூடி நின்னது கோர்ட்டு. படகுக்காரன் உயிரோட, வேற ஒரு தீவுல மீன் காயப் போட்டுக்கிட்டு இருக்கான். என் வீட்டுக்காரி அசையலை. சீரியல் ஆரம்பிச்சு இருபது நிமிஷம் ஓடுச்சு, பனி நாட்டுக்காரங்க சுத்தமான தமிழ்ல பேசிக்கிட்டாங்க. மூக்கால ஒருத்தரும் பேசலை. அவ கால்ல தண்ணி ஆறிப் போயிருக்கும். அப்புறம் அவ டிவியை நிறுத்தினா.

"அந்தச் சாவுக்கு நான் அழுதேன்"னா.

நான் தலையை ஆட்டினேன்.

"அப்போ அந்த மஞ்சப் பட்டை?"

"அதுவும் தெரியலை."

"எத்தனை நாளா?"

"எட்டு மாசம்."

டாக்டரைப் பாத்ததைச் சொன்னேன். அந்தம்மா சொன்னதைச் சொன்னேன். சொல்லிக்கிட்டு இருக்கும்போதே, இவ அழுவா, இல்லன்னா அந்தச் சக்கரை வியாதியை நினைச்சு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா, எப்படியும் இந்தப் பேச்சு கதையைச் சுத்தியே ஓடிப் போயிடும்னு உள்ளுக்குள்ள ஒரு அற்ப ஆசை. அவ ரெண்டையும் செய்யலை.

"நேத்து அந்த நாலு பேரை யாருங்க கூட்டிட்டுப் போனது?"

நான்தான்னேன். அதோட நிக்கலை, நாற்காலி விஷயம் தானா வந்துடுச்சு. ஒரு சாண்னு கையை விரிச்சுக் காட்டினேன். அவ எழுந்த வேகத்துல வெந்நீர்ப் பாத்திரம் சாஞ்சு தரையெல்லாம் தண்ணி. அதை மிதிச்சுக்கிட்டே போய் ஆணியில தொங்கின வேன் சாவியை எடுத்தா. எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டா. அவளுக்குக் கோவம் வந்தா குரல் கூடாது, இறங்கும்.

"எனக்குப் பொய் சொன்னதுக்கு நான் ஒண்ணும் கேக்கலை. நல்லாத்தான் இருந்துச்சு உங்க கதை, இதை விட நல்லா இருந்துச்சு. ஆனா அவங்க உங்க கண்ணை நம்பில்ல ஏறினாங்க. திங்கக்கிழமை வாசல்ல வந்து நிப்பாங்க. இப்பவே போன் பண்ணுங்க."

போன்ல நம்பர் கண்ணுக்குத் தெரியலைன்னேன். அன்னிக்குத்தான் வீட்ல இப்படி ஒண்ணை ஒளிக்காமச் சொல்ல முடிஞ்சுது. அவளே தேடி அழுத்திக் கொடுத்தா. சென்டர்ல வண்டிகளுக்கு எல்லாம் பொறுப்பா இருக்கிற நர்ஸம்மா எடுத்தாங்க. காய்ச்சல்னு சொல்லலாம்னு கடைசி நொடியில ஒரு புத்தி வந்துச்சு, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. இவ எனக்கு நேரா நின்னுக்கிட்டு இருந்தா. எனக்குக் கண்ணு தெரியலைங்கம்மா, எட்டு மாசமாத் தெரியாமத்தான் ஓட்டினேன்னு சொல்லி முடிச்சேன். அந்தப் பக்கம் யாரோ தட்டுல கத்தரிக்கோல் வைக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், திங்கக்கிழமைக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன், நீங்க ஆபீசுக்கு வந்து என்னைப் பாருங்கன்னாங்க. ஆறுதலா ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது தேவையும் இல்லை.

போனை வச்சேன். வேலை போச்சு, அதுல சந்தேகமே இல்லை. பதினெட்டு வருஷம் ஒரு போன்ல முடிஞ்சுது. துக்கமா இருந்துச்சு, அழுகை வர்ற அளவுக்குத் துக்கமா இருந்துச்சு. அதோட கூடவே, நேத்துல இருந்து நெஞ்சு மேல உக்காந்திருந்த அந்த நாற்காலியும் கொஞ்சம் நகந்து போச்சு. இவ தண்ணியைத் துடைச்சுக்கிட்டே என்னை விளாசிக்கிட்டு இருந்தா. டாக்டர்கிட்ட தனியாப் போனதுக்கு ஒரு திட்டு, வீட்ல சொல்லாததுக்கு ஒரு திட்டு, வெந்நீரைத் தினமும் கூச்சமில்லாம வாங்கிக் குடிச்சதுக்கு ஒரு திட்டு.

என்னை மாதிரி நடுவுல மங்கினவன் ஒரு முகத்தைப் பாக்கணும்னா, அந்த முகத்தை விட்டுட்டு வேற எங்கயாவது பாக்கணும். அப்பதான் அது ஓரத்துல வந்து நிக்கும். இவ கண்டுபிடிச்சிடுவாளோன்னு பயந்து எட்டு மாசமா நான் இவளை நேராவே பாத்துப் பேசினேன். நேரா இருந்தது வெறும் மங்கல். எட்டு மாசம் ஒரே வீட்ல இருந்தும் எனக்கு இவ முகம் கிடையாது. இனிமே மறைக்கறதுக்கு என்ன இருக்கு? தலையைத் திருப்பி சுவரைப் பாத்தேன். ஓரத்துல மெதுவா வந்தா. கன்னம் ஒட்டிப் போயிருந்துச்சு. முன்முடி நான் நினைச்சதை விட நிறைய நரைச்சிருந்துச்சு. அழுதுக்கிட்டேதான் திட்டியிருக்கா.

"நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன், நீங்க சுவரைப் பாத்தா என்ன அர்த்தம்?"னா.

"உன்னைத்தான் பாக்கிறேன்"னேன்.